சிலுவைக்கு இரண்டு மார்க்கு

தேவசுந்தரி ஜெயித்துவிட்டாள் என்று போன வாரம் சந்தோஷப்பட்டவர்கள் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள். நானும்தான் சந்தோஷப்பட்டேன். என்ன செய்ய, அதற்கப்புறம் சனிக்கிழமை என்று ஒன்று விடிந்து தொலைத்ததே.

புதிதாகப் பத்திரிகையைப் புரட்டுகிறவர்களுக்கு விஷயம் இது. திருத்தணி மலைக்குக் கீழே மிஷன் காம்பவுண்டில் குடியிருக்கும் உபதேசியார் சத்தியநாதன், ஆர்.கே.பேட்டையில் இருக்கும் தன் தங்கைக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். தன் மகள் தேவசுந்தரி மதராஸ் டிரெயினிங் பள்ளிக்கூடத்துக்கான பரீட்சையில் முதலாவதாக வந்தால் டீச்சர் படிப்புக்குப் போவாள். வராவிட்டால் தங்கை மகன் எலியேசருக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே கோவிலில் சபைக்கு முன்னால் ஓலை படித்துவிடுவது. படிப்பு, இல்லையென்றால் ஓலை. நடுவில் மூச்சு விட இடம் வைக்கவில்லை மனிதர்.

எலியேசரைச் சுந்தரிக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். பட்டாளத்தில் ஒயர்லெஸ் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது மிஷனில் வேலை பார்க்கிறவன். குடிக்க மாட்டான், அதிர்ந்து பேச மாட்டான். அவளுடைய பயம் வேறு. பிறந்தது இந்தக் காம்பவுண்டு, படித்தது இந்தக் காம்பவுண்டு. எலியேசருக்கு மிஷன் கொடுத்திருக்கும் வீடும் இதே வரிசையில், அப்பா வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். அவனைக் கட்டிக்கொண்டால் அப்பா அடிக்கிற கோவில் மணிக்கு எழுந்து, அதே மணிக்குச் சோறு வடிக்க வேண்டும்; கடைசியில் அதே மணி அடிக்க அடிக்கத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைப்பார்கள். 

பரீட்சையும் நாம் எழுதிய மாதிரி பரீட்சை இல்லை. உலகச் சண்டை முடிந்ததும், மிஷன் பள்ளிக்கூடத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரைசானிக்கு அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய ஒரு பெட்டி மார்க்குப் போடுகிற பரீட்சை. கேள்விகள் இரண்டு பத்தியாக இருக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே வரிசையாக ஐந்து கட்டங்கள் அச்சடித்திருக்கும். சரியான விடைக்குரிய கட்டத்தை அவர்களே கொடுக்கிற பென்சிலால் கறுப்பாக்க வேண்டும், அவ்வளவுதான். தாளைப் பெட்டிக்குள் சொருகிக் கைப்பிடியை இறக்கினால் உள்ளே இருக்கும் பித்தளைக் கம்பிகள் வந்து தாளைத் தொடும். சரியான கட்டத்தில் பென்சில் கரி இருந்தால் அதன் வழியாக மின்சாரம் பாயும். எத்தனை இடத்தில் பாய்கிறதோ அத்தனைக்கு முகப்பில் இருக்கும் முள் நகரும். காம்பவுண்டுக்குள் ஏது மின்சாரம்? பஸ்காரர் ஒருவர் பழைய மோட்டார் பேட்டரி கொடுத்தார். ஒயர்லெஸ் தெரிந்த எலியேசர் அதை மாட்டி ஓட்டினான். ஜனங்கள் அதற்கு மார்க்குப் பெட்டி என்று பெயர் வைத்தார்கள்.

நம் உபதேசியாருக்கு அந்தப் பெட்டியின் மேல் பக்தியே வந்துவிட்டது.

"பெட்டிக்கு முகதாட்சண்யம் கெடையாதுங்க. உபதேசியார் பொண்ணுன்னு பாக்காது, ஏழைன்னு பாக்காது. உள்ளத உள்ளபடி சொல்லிட்டு நிக்கும்" என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பெட்டி சொன்னது: தேவசுந்தரி எழுபத்தொன்று. அவளுடைய சிநேகிதி, கண்டிகைக் கஜபதியின் மகள் அம்சா எழுபது. இலவசப் படிப்புக்கு இருந்ததோ ஒரே ஓர் இடம்.

இவ்வளவும் போன வாரத்தோடு சரி. இனி அந்தச் சனிக்கிழமை.

* * *

காலையில் சுந்தரியின் அம்மா அன்னம்மாள் மகளின் பிரயாணத்துக்கு முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தாள். உபதேசியார் முகச்சவரம் செய்துகொள்ளப் போன இடத்திலும் மதராஸ் பேச்சுத்தான் என்று எதிர்வீட்டிலிருந்து செய்தி வந்திருந்தது. எலியேசர் வாசலில் நின்றபடியே செருமினான்.

"உள்ள வாடா. முறுக்கு துன்னு" என்றாள் அன்னம்மாள்.

"வேணாம் அத்த. துரைசானி எல்லாத் தாளையும் இன்னொரு தரம் சரி பாக்கச் சொன்னாங்க. சுந்தரி வந்து அவ தாளப் பாத்துட்டா நல்லாருக்கும்."

பெண் கேட்டு, பெண் கிடைக்காமல் போன பையன். அவனோடு தனியாக அனுப்ப அன்னம்மாளுக்கு மனசு வரவில்லை. பள்ளிக்கூடம் பெருக்கும் சின்னம்மாளைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள்.

சின்னம்மாள் வராந்தாவைப் பெருக்க ஆரம்பித்தாள். பெட்டி இருந்த அறைக்குள் சுந்தரி நுழைந்ததும் எலியேசர் கதவை இன்னும் அகலமாகத் திறந்து வைத்தான். அந்த மரியாதை தெரிந்தவன்தான் அவன். அதனால்தான் பின்னால் நடந்தது எனக்கே பொறுக்கவில்லை.

"பாரு" என்று அவளுடைய தாளைச் சொருகிக் கைப்பிடியை இறக்கினான். முள் எழுபத்தொன்றில் போய் நின்றது.

"அதான் தெரியுமே பாவா" என்றாள் அத்தை மகனைப் பார்த்து.

அவன் தாளை வெளியே எடுத்தான். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைத் தாளின் தலைப்பாகத்தில் வைத்து மூடி, மறுபடியும் சொருகிக் கைப்பிடியை இறக்கினான். முள் அறுபத்தொன்பதில் நின்றது.

சுந்தரி சிரித்தாள். "பொட்டிய இன்னா பண்ணே?"

"பொட்டிய ஒண்ணும் பண்ல. மேல நீ போட்டிருக்கிறத மூடினேன்."

அவள் குனிந்து பார்த்தாள். தாளின் தலையில், இரண்டு பத்திகளுக்கும் நடுவில், அவள் போட்ட சிலுவை இருந்தது. கறுகறுவென்று, பெரிதாக.

எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் சிலுவை போட்டுவிட்டுத்தான் எழுதுவது அந்த வீட்டுப் பழக்கம். காம்பவுண்டில் மற்றவர்களும் போடுவார்கள், கடுகளவு. உபதேசியார் வீட்டில் அது நடக்காது. 'சின்னதாப் போடறவன் ஆண்டவர மறைச்சிப் போடறவன்' என்பார். பலகையில் சுந்தரி சின்னச் சிலுவை போட்டதற்காகப் பெஞ்சின் மேல் ஏறி நின்றிருக்கிறாள். பரீட்சை அன்று தாளின் மேல்பக்கத்தில் எதுவும் எழுதக்கூடாது என்று துரைசானி சொன்னது அவள் காதில் விழத்தான் விழுந்தது. ஆனால் சிலுவை எழுத்தா என்ன? எழுதுவதற்கு முன்னால் போடுவதுதானே அது?

எலியேசர் பென்சில் முனையால் தொட்டுக் காட்டினான்.

"இந்தப் பக்கம் முதக் கேள்விக்குச் சரியான வெட கடைசிக் கட்டம். அந்தப் பக்கம் முதக் கேள்விக்கு முதக் கட்டம். நீ ரெண்டுலயும் வேற கட்டத்தக் கறுப்பாக்கி வச்சிருக்கே. தப்பு. ஆனா உன் சிலுவை ரெண்டு பக்கமும் கைய நீட்டி, சரியான கட்டத்தத் தொட்டுகினு கீது. பொட்டிக்குச் சிலுவையும் தெரியாது, வெடையும் தெரியாது. கரி இருந்தா மார்க்கு."

இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. சிலுவைக்கு இரண்டு மார்க்கு.

மற்ற கிறிஸ்தவப் பெண்கள் போட்ட கடுகுச் சிலுவைகள் எதையும் தொடவில்லை. அம்சா போட்ட பிள்ளையார் சுழிகூட ஓரமாக, ஒருவர் வழிக்கும் போகாமல் ஒதுங்கிக் கிடந்தது.

சுந்தரி தாளை அவன் பக்கம் தள்ளினாள். "இன்னொரு தரம் போடு பாவா."

இன்னொரு தரமும் அதேதான் வந்தது.

"அப்ப அம்சாதான் ஃபர்ஸ்ட்டு."

"ஆங்."

"துரைசானிக்கு..."

"சொல்லல. கையால எண்ணிப் பாக்கச் சொன்னாங்க. பாத்தேன், எல்லாம் சரியாக் கீதுன்னு சொல்லிடப் போறேன். சாயங்கால மெயில் ரயில்ல பேரு மதராஸுக்குப் போயிடும். நீ கெளம்பு."

அவள் அவனையே பார்த்தாள். இந்தச் செய்தியை வாய் திறந்து சொன்னால் நாளைக்கே அவள் அவனுக்கு. அதை அவளுக்கு மட்டும் காட்டிவிட்டு, போ என்கிறானே இவன்.

"ஏன் பாவா சொல்லல?"

எலியேசர் பேட்டரி ஒயரைக் கழற்றிக்கொண்டே பேசினான். "சொன்னா இன்னா ஆவும்? பொண்ணு கெடைக்கலன்னு பொட்டியவே திருப்பிட்டான்னு காறித் துப்புவாங்க. நீயும் அப்படித்தான் நெனைப்பே. அப்படி ஒரு பொண்டாட்டி எனக்கு வேணாம்." ஒயரைச் சுருட்டினான். "நீ போவணும்னுதானே ஆசப்பட்டே. போயிடு."

அப்போது அவன் சொன்னது அத்தனையும் நிஜம். அவனுக்காக நான் சத்தியம் பண்ணத் தயார். ஆனால் பாவி, காட்டாமலே இருந்திருக்கலாம். தான் மட்டும் சுமக்க முடியாமல் பாதியை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டான். இனி அவள் எங்கே போனாலும் இந்தத் தாளும் கூடவே போகும்.

* * *

மத்தியானம் வாசலில் வண்டி மாட்டின் சலங்கை கேட்டது. அம்சாவின் அப்பா கஜபதி வேர்க்கடலை மூட்டையோடு மண்டிக்கு வந்திருந்தார். வண்டியிலிருந்து தகரப் பெட்டி ஒன்றை இறக்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு அம்சா உள்ளே வந்தாள்.

அம்சாவுக்குச் சுந்தரி வயதுதான். பூ இல்லை, வளையல் இல்லை. கல்யாணமாகிப் பள்ளிப்பட்டுக்குப் போனவள் அந்த வருஷமே தாலியைக் கழற்றி வைத்துவிட்டுத் திரும்பினாள். ஊர் பேசியதைக் காதில் வாங்காமல் கஜபதி அவளை மிஷன் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து சேர்த்தார். இந்தப் பரீட்சைக்கும் அவர்தான் அனுப்பினார்.

"இன்னாடி மதராஸ்காரி, மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்குது?"

"ஒண்ணுமில்ல. அடுப்புப் புகை."

அம்சா பெட்டியைக் கீழே வைத்தாள். மூடியில் ரோஜாப்பூ வரைந்திருந்தது.

"இது என் கூடப் பள்ளிப்பட்டுக்குப் போயிட்டு வந்த பொட்டி. ராசியில்லாததுன்னு அண்ணி மாட்டுக் கொட்டாயில போட்டுட்டா. உங்க ஆளுங்களுக்கு ராசி கீசியெல்லாம் கெடையாதுல்ல? நீ எடுத்துகினு போ. பூட்டு நல்லாக் கீது."

சுந்தரி மூடியில் இருந்த ரோஜாப்பூவைத் தடவினாள். "நீ இன்னா பண்ணப் போறே அம்சா?"

"இன்னா பண்றது? நைனா ஒரு தரம் எழுதிப் பாருன்னாரு, எழுதியாச்சி. அவரு தெம்பா இருக்கற வரைக்கும் கவலையில்ல. அப்புறம் அண்ணி அடுப்படிதான். அவ புள்ளைங்களத் தூக்கிகினு, அவ போடறதத் துன்னுகினு, விசேஷம்னா உள்ள ஒளிஞ்சிகினு." சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஒரே மார்க்குடி. எந்தக் கேள்வியில உட்டேன்னு யோசிச்சி யோசிச்சி மண்ட காயுது. பத்து மார்க்கு கொறைஞ்சிருந்தா இவ்ளோ வலிக்காது."

"அம்சா, நான் ஒண்ணு சொல்லட்டுமா..."

"யாரு, கஜபதி மகளா?" என்று கேட்டுக்கொண்டே உபதேசியார் குடையை மடக்கியபடி உள்ளே வந்தார். இந்த மனிதர் வருகிற நேரம் எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

"வாம்மா. வருத்தப்படாதே. பெட்டி மனுஷன் மாதிரி கெடையாது. உனக்கு ஒரு மார்க்கு கொறைச்சல்னு சொன்னா அது கொறைச்சல்தான். அத ஒத்துக்கினா மனசுக்கு நிம்மதி."

"ஒத்துக்கினேங்க" என்றாள் அம்சா. அவ்வளவு நேரமும் இருந்த சிரிப்பு அந்த ஒரு வார்த்தைக்கு இல்லை.

வண்டி போய்விட்டது. உபதேசியார் தகரப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "நல்ல மனசு அந்தப் பொண்ணுக்கு" என்று சொல்லிவிட்டு முறுக்கைக் கடித்தார்.

சுந்தரி உள்ளே போய்ச் சேலைகளை மடித்து அந்தப் பெட்டியில் வைத்தாள். பிறகு எடுத்தாள். பிறகு வைத்தாள்.

தனக்குத் தானே என்னென்னவோ நியாயம் சொல்லிப் பார்த்தாள். நானா பெட்டியை ஏமாற்றினேன்? எனக்கென்ன தெரியும்? அப்பா சொல்லிக் கொடுத்தபடி சிலுவை போட்டேன், ஆண்டவரே பார்த்துக் கொடுத்தது என்று ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? இப்படி ஒரு வழி திறக்கட்டும் என்றுதானே முழங்கால் தேய ஜெபம் பண்ணினேன்? இந்தக் கடைசி நியாயம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதில் ஏறி உட்கார்ந்து மதராஸ் வரைக்குமே போயிருப்பாள். ஆனால் ஆண்டவர் சுந்தரிக்குக் கொடுக்கிற சாக்கில் அம்சாவிடமிருந்து பிடுங்கினார் என்று ஆகிறதே. அவ்வளவு பொல்லாதவராக அவரை அவளால் நினைக்க முடியவில்லை.

சொன்னால் தன் கழுத்தில் தானே சுருக்கை மாட்டிக்கொள்வது. சொல்லாவிட்டால் அம்சாவின் கழுத்தில். இந்தப் பக்கமும் சுவர், அந்தப் பக்கமும் சுவர். மலைமேல் யாரோ மொட்டை போட்டுக்கொண்டு கூட்டமாக அரோகரா சொல்லும் சத்தம் காற்றில் வந்தது. வேண்டியது கிடைத்தவர்கள் போல, தொண்டை கிழியக் கத்தினார்கள். அவளுக்கு அழுகை வந்தது.

அழுது முடித்ததும் எலியேசர் ஞாபகம் வந்தது. காலையில் அவன் சொன்னதை ஒரு தரம் நினைத்துப் பார்த்தாள். கையில் வந்ததை வேண்டாம் என்று விட்டவன். நான் உண்மையைச் சொன்னாலும் அவன் என்னைப் பிடித்து வைக்க மாட்டான். ஓலை வேண்டாம் மாமா என்று அவனே சொல்லிவிடுவான். அப்புறம் அடுத்த வருஷம் மறுபடி எழுதினால் போகிறது.

இந்த நினைப்பு வந்ததும்தான் அவளால் மூச்சு விட முடிந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு துரைசானியின் பங்களாவுக்கு நடந்தாள்.

* * *

பங்களா வராந்தாவில் துரைசானி பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேஜையில் மதராஸுக்குப் போக வேண்டிய உறை, ஒட்டாமல் இருந்தது. உபதேசியார் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு நன்றி சொல்ல வந்திருந்தார். தாள்கட்டோடு எலியேசர் தூண் ஓரமாக நின்றான்.

"வா மகளே" என்றார் துரைசானி. பைபிளைப் படித்துப் படித்தே தமிழ் கற்றுக்கொண்டவர் அவர். "உம்முடைய நாமத்தை இப்பொழுதுதான் எழுதினேன்."

"எழுத வேணாங்க அம்மா. எனக்கு வந்தது அறுபத்தொம்பது."

உபதேசியார் சிரித்தார். "பயந்துட்டா. ஊர விட்டுப் போறோம்னு பயம்."

"பயமில்ல நைனா. தாளக் காட்டு பாவா."

எலியேசர் அசையவில்லை. அவளே போய்த் தாள்கட்டிலிருந்து தன் தாளை உருவி மேஜையில் விரித்தாள். அவன் காலையில் காட்டியதை, அவன் சொன்ன வார்த்தைகளிலேயே சொல்லிக் காட்டினாள்.  

துரைசானி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக எண்ணினார். ஒரு தரம் எண்ணிவிட்டு மறுபடி எண்ணினார். உபதேசியார் மகள் பக்கம் திரும்பினார்.

"சிலுவை பொய் சொல்லிச்சுன்னு சொல்றியா?"

"சிலுவை ஒண்ணும் சொல்லல நைனா. அது சும்மாத்தான் இருந்திச்சி. பொட்டிக்கு அது தெரியல."

"எலியேசர்! நீ இதப் பாத்தியா?"

"ஆங், பாத்தேன் மாமா."

"எப்போ?"

"காலையில."

"பாத்துட்டு வாய மூடிகினு நின்னியா? மெயிலு போற வரைக்கும்?"

எலியேசர் தாள்கட்டின் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

"அவர ஒண்ணும் சொல்லாத நைனா. எனக்காகத்தான் சொல்லல" என்றாள் சுந்தரி.

உபதேசியார் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சலூன் தொடங்கி மண்டி வரைக்கும் பெட்டியின் பெருமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர். அந்தப் பெட்டியைத் தடுக்கி விழ வைத்தது அவரே பெஞ்சில் ஏற்றிச் சொல்லிக் கொடுத்த சிலுவை. பாவம், அந்த நிமிஷத்தில் எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. சீக்கிரமே திரும்பி வந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

துரைசானி பேனாவை எடுத்துத் தேவசுந்தரி என்ற பெயரை அடித்தார். அம்சா என்று எழுதினார். எழுதிவிட்டுச் சுந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீர் செய்தது பெரிய காரியம். வருகிற வருஷமும் பரீட்சை உண்டு. அப்பொழுது எழுதும். நான் உமக்காகக் காத்திருப்பேன்."

சுந்தரி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் பிழைத்தோம் என்று நினைத்தாள்.

உபதேசியார் அவள் தலையில் கை வைத்தார். "என் மவ உண்மையச் சொல்லிட்டா. தனக்கு நஷ்டம்னு தெரிஞ்சும் சொல்லிட்டா. இந்தச் சபையில எவன் செய்வான் இத? எனக்கு இதுக்கு மேல பெருமை வேணாம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நீ உன் உண்மையக் காப்பாத்தினே சுந்தரி. நான் என் தங்கச்சிக்குச் சொன்ன சொல்லக் காப்பாத்தணுமா இல்லியா? நாளைக்கு ஓலை படிச்சிடறேன்."

 அவள் செய்த நல்லதையே எடுத்துக் கயிறாகத் திரித்துவிட்டார்.

துரைசானிக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் உபதேசியார் குடும்ப விவகாரத்தில் எவ்வளவு தூரம் நுழையலாம் என்று அவருக்குத் தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தூண் பக்கம் திரும்பினார்.

"எலியேசர், இது உமக்கு மனதா?"

சுந்தரி நிமிர்ந்தாள். இதோ சொல்லப் போகிறான். காலையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, நீ போ என்று சொன்னவன். இந்த ஒரு வாய் வார்த்தையை நம்பித்தானே அவள் இவ்வளவு தூரம் நடந்து வந்தாள்.

எலியேசர் தாள்கட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். 

"மாமா சொன்னபடி ஆவட்டுங்க" என்றான்.

அவனைத் திட்டுவதற்கு நீங்கள் கடுதாசி எழுதுவீர்கள், எனக்குத் தெரியும். எழுதுங்கள். காலையில் அவன் விட்டுக்கொடுத்தது நிஜம்தான். அதற்கு இருந்த பலத்தையெல்லாம் காலையிலேயே செலவழித்துவிட்டான். இப்போது அவன் ஒரு பாவமும் செய்யாமல், யார் வாயிலும் விழாமல், அவளே கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். இரண்டாம் தரம் வேண்டாம் என்று தள்ள அவனால் முடியவில்லை. எத்தனை பேரால் முடியும்?

சுந்தரிக்கு அது புரிந்தது. புரிந்ததால் வலி குறையவில்லை.

உபதேசியார் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "வா, போய் அம்மாகிட்டச் சொல்லலாம். உங்க அத்தைக்கும் ஆள் அனுப்பணும்."

அவள் நகரவில்லை.

"நைனா, ஓலை படிக்கும்போது கடைசியில ஒண்ணு கேப்பியே. இந்தக் கல்யாணத்துக்கு யாராச்சும் தடை சொல்றதா இருந்தா எழுந்து சொல்லலாம்னு."

"ஆமா. மூணு ஞாயிறும் கேக்கணும். அது சட்டம்."

"பொண்ணே எழுந்து சொல்லலாமா?"

 உபதேசியார் துரைசானியைப் பார்த்தார். துரைசானி உறையை எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தார், ரொம்ப நிதானமாக.

"அப்படி இதுவரைக்கும் யாரும் எழுந்ததில்ல சுந்தரி."

"எழுந்ததில்லன்னு தெரியும் நைனா. எழுந்திரிக்கலாமா, கூடாதா?"

தூண் ஓரத்தில் நின்றவன் அப்போதுதான் முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தான். உபதேசியார் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு, பதில் சொல்லாமலே படியிறங்கி நடந்தார். விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை.